காம்புப் பக்கம்

கெர்மானில் அன்று அனல்.
கூரைமேல் கூலர்
ஈரம் தீர்ந்த வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.
ஐந்து மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.
மூன்றரைக்கு மின்சாரம் போனது.

தேநீர் வேண்டாம் என்றேன்.
இந்த வெயிலில் தேநீர் நீட்டினால்
ஏதோ பழைய பகை என்று நினைத்துக்கொள்வார்கள்.
அம்மா சரி என்றாள்.
அவள் சரி என்பது தீர் மாதத்து மழை.

இரண்டு கோப்பைச் சர்க்கரை, ஒரு கோப்பைத் தண்ணீர்.
விரலில் தொட்டால் கம்பி இழுக்கும்,
அதற்கு முன்பே வினிகரை ஊற்றிவிட வேண்டும்.
மூக்கைத் துளைத்து, கண்ணைக் கரித்து,
பக்கத்து வீட்டு ஷஹ்பாஸ்
சுவருக்கு அப்பால் தும்மும்வரை கொதிக்கட்டும்.
அடுப்பை அணைத்தபின்தான் புதினா,
தண்டோடு, ஒரு கைப்பிடி.
பாகில் விழுந்ததும்
ஒருமுறை பெருமூச்சு விடும்.
அந்த மூச்சுதான் செகஞ்செபீன்.
மற்றதெல்லாம் ஐஸும் தண்ணீரும் வெள்ளரியும்.

வெள்ளரி எங்கள் முற்றத்தில் காய்த்தது.
பதினோரு காய்,
விரல் நீளம், விரலைவிடக் கொஞ்சம் பருமன்.
கால்வாயில் தண்ணீர் வந்து மூன்று வாரம்.
தோல் சீவித் துருவினேன்.
பாதியில் என் நடுவிரல் முட்டியையும் துருவினேன்.
துணி சுற்றிக்கொண்டு மீதியை முடித்தேன்.
காம்புப் பக்கத்தைக் கிள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.
தலைமுடி வேறு இன்னும் காயவில்லை.

பெஹ்ராங். நில அளவையாளன்.
காலணியைக் கழற்றியபோது
ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது;
அதைப் பார்க்காதது போல் இருந்தோம்.

அவன் அம்மா தூபா கானும்
ஒரே ஒரு மிடறு.
தம்ளரைத் தட்டில் திருப்பி வைத்தாள்.
"மகளே, வெள்ளரி கசக்கிறது."
கூடத்தில் விசிறிக்கொண்டிருந்த
எல்லா அட்டைகளும் நின்றன.

அவனோ குடித்தான்.
அடியில் தங்கிய துருவலை
நீளக் கரண்டியால் சுரண்டி மென்றான்.
அருமை என்றான்.
இன்னொன்று? என்றாள் என் அம்மா, வெட்கத்தில்.
கொடுங்களேன் என்றான்.

சமையலறைக்குப் போய் நானும் குடித்துப் பார்த்தேன்.
முதலில் புளிப்பு, பிறகு புதினா, பிறகு இனிப்பு,
எல்லோரும் போனபின்
கதவைச் சாத்திக்கொண்டு வந்தது அது.

வேண்டாம் என்றேன், இரவில்.
"முகம் சுளிக்காமல் இரண்டு தம்ளர் குடித்தவன்!
இதைவிட என்னடி வேண்டும்?"
அதுதான் அம்மா.
நாளைக்கு நான் கசந்தாலும் அருமை என்பான்.
நாற்பது வருடம் அருமை என்பான்.
எனக்கு எப்படித் தெரியும்?
அவன் அம்மா கேட்டிருந்தால்
அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன்.
செருப்பைத் தேடினாள். பாதியில் சிரித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி.
"அந்த சர்பத்..."
சொல்லுங்கள்.
மறுமுனையில் ஒரு லாரி கடந்து போனது.
"கசந்தது. முதல் தம்ளரைவிட இரண்டாவது."
பிறகு ஏன் குடித்தீர்கள்?
"உங்கள் விரலில் துணி சுற்றியிருந்தது."

இது நல்ல பதிலா, கெட்ட பதிலா,
இரண்டு நாளாகத் தெரியவில்லை.

குளிர்பெட்டியில் பாதிப் புட்டி பாகு மிச்சம் இருக்கிறது.
கடையில் ஒரு கிலோ வெள்ளரி வாங்கினேன்.
ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் கிள்ளி மெல்கிறேன்.
ஏழு நல்லவை. ஒன்று சந்தேகம்.
சந்தேகத்தை எறியவில்லை,
தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

மணி நாலரை.
மின்சாரம் இருக்கிறது.
வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னான்,
எதற்கு என்று சொல்லவில்லை;
நானும் கேட்கவில்லை.